குளித்த நீர் எங்கே செல்கிறது?

(பெங்களூருவில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான கோடைகால வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீர்ச் சிக்கனத்தைப் பற்றி உழைக்கும் மக்களிடம் பேசுவது சற்றுக் கூச்சம் தருகின்ற வேலை. ஏழு குடம் நீரை வைத்துக்கொண்டு ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் ஒரு நாளை நடத்தி முடிக்கும் பெண்ணிடம் சென்று, குழாயை இறுக மூடுங்கள் என்று எப்படிச் சொல்வது? அவர் வீட்டில் குழாயே இருக்காது. இருந்தாலும் அதில் காற்றுதான் வரும். ஆகவே இன்று நான் அறிவுரை கூற வரவில்லை. கணக்குப் பார்க்க வந்திருக்கிறேன். கணக்குப் பார்த்த பிறகு வீட்டில் செய்யக்கூடியவை சில இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

2024 மார்ச் மாதத்தை இங்குள்ள எவரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு பருவமழை பொய்த்தது. மாநகரில் அரசின் பொறுப்பிலுள்ள சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழச் சரிபாதி வற்றிவிட்டன என்று துணை முதலமைச்சர் டி.கே.சிவகுமாரே அறிவித்தார். டேங்கர் நீரின் விலை கண்டபடி ஏறியபின் மாவட்ட நிர்வாகம் தலையிட்டு உச்சவரம்பு விதித்தது: 5 கிலோமீட்டர் தொலைவுக்குள் 12,000 லிட்டர் 1,000 ரூபாய். அதாவது ஆயிரம் லிட்டருக்கு 83 ரூபாய். அன்று நடைமுறையில் இருந்த கட்டணப்படி, குழாய் இணைப்புள்ள வீட்டுக்கு முதல் 8,000 லிட்டர் வரை காவிரி நீர் ஆயிரம் லிட்டருக்கு 7 ரூபாய். இணைப்பு இல்லாதவர், அரசே நிர்ணயித்த ‘நியாய விலை’யில் பன்னிரண்டு மடங்கு கொடுத்தார். டேங்கரும் வராத சந்தில் குடியிருப்பவர், குடிநீர் மையத்தில் ஐந்து ரூபாய் நாணயம் போட்டு 20 லிட்டர் பிடித்தார். அந்தக் கணக்கில் ஆயிரம் லிட்டருக்கு 250 ரூபாய் ஆகிறது. வருமானம் குறையக் குறைய நீரின் விலை கூடிக்கொண்டே போகிற விந்தையை எந்தப் பொருளாதாரப் பாடநூலிலும் தேட வேண்டியதில்லை. நம் தெருமுனையிலேயே காணலாம்.

அதே மாதத்தில் குடிநீர் வாரியம் ஒரு தடையாணை பிறப்பித்தது. பருகத்தக்க நீரைக் கொண்டு வாகனம் கழுவுவதும், தோட்டத்துக்குப் பாய்ச்சுவதும், கட்டடம் கட்டுவதும் குற்றம். மீறினால் 5,000 ரூபாய் அபராதம். இந்த ஆணை தவறு என்று நான் சொல்லமாட்டேன். சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் மேலேற்றிக் கொண்டுவரப்படும் நீர் அது. ஆயிரம் லிட்டரை அந்த உயரத்துக்குத் தூக்க, எந்திர இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். அதைப் புல்தரையில் கொட்டுவது அறிவுடைமை ஆகாது. ஆயினும் தோட்டத்துக்கு வேறு எந்த நீரை ஊற்றுவது என்ற கேள்விக்கு அபராதச் சீட்டில் விடை இல்லை. விடை ஒவ்வொரு வீட்டின் குளியலறைச் சலதாரையிலும் ஓடிக்கொண்டிருந்தது.

நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் பின்பற்றப்படும் நெறி. அதை இப்படிப் பிரிக்கிறார்கள்: குடிக்க 5, சமைக்க 5, குளிக்க 55, துணி துவைக்க 20, பாத்திரம் கழுவ 10, வீடு கழுவ 10, கழிவறைக்கு 30. இந்த நெறியில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. குளியலுக்கு 55 லிட்டர் என்பது மூன்று பெரிய வாளி. இருந்தாலும் இதையே எடுத்துக்கொள்வோம். குளியலும் துவைத்தலும் சேர்ந்தால் 75 லிட்டர். மொத்தத்தில் பாதிக்கும் மேல். நால்வர் உள்ள வீட்டிலிருந்து நாள்தோறும் 300 லிட்டர் சோப்பு நீர் வெளியேறுகிறது. கழிவறை நீர் இதில் கலக்கவில்லை.

இனிப் புல்தரைக்கு வருவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நீர் நின்றால் அது ஒரு லிட்டர். கோடையில் ஒரு நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், 100 சதுர மீட்டர் புல்தரையைப் பசுமையாக வைத்திருக்க 500 லிட்டர் தேவை. மேற்சொன்ன நெறிப்படி நால்வர் குடும்பத்துக்கு உரிய முழு நீரும் 540 லிட்டர்தான். அந்தப் புல்தரைக்கு ரப்பர்க் குழாய் பிடிக்கும் தோட்டத் தொழிலாளி மாலையில் தம் வீட்டு வாசலில் காலிக் குடத்துடன் நிற்கிறார். இங்கே அமர்ந்திருப்போரிலும் அந்த வேலை செய்வோர் இருக்கிறீர்கள்.

இந்த நகரம் ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்திருக்கிறது. மேற்கே சாயும் நீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. கிழக்கே சாய்வது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் கலக்கிறது. பெல்லந்தூர் ஏரியின் நுரை காற்றில் பறந்து சாலையை மூடிய படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2017 பிப்ரவரியில் அந்த ஏரி தீப்பற்றியும் எரிந்தது. ஏரியில் தீ என்பது பழம்புராணங்களிலும் அரிதான செய்தி. அந்த நுரைக்கு ஆலைக் கழிவு மட்டும் காரணமில்லை. சுத்திகரிக்கப்படாமல் வந்து சேரும் வீட்டுக் கழிவுநீரில் உள்ள சலவைத் தூளின் பங்கும் பெரிது. அதே நுரை எல்லை தாண்டி ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் பொங்குகிறது. அணையின் மதகைத் திறக்கும்போதெல்லாம் கிருஷ்ணகிரி மாவட்ட உழவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த நீரை வயலுக்கு விடுகிறார்கள். இங்கே நம் வீட்டில் துவைத்த துணியின் நீர் அங்கே நம் உறவினரின் தக்காளிக்குப் பாய்கிறது.

மார்க்ஸ் இதைக் கண்டிருக்கிறார். ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் உற்பத்திக் கழிவுகளைப் பற்றிப் பேசுமிடத்தில், நாற்பத்தைந்து லட்சம் மக்களின் கழிவைப் பெரும் பொருட்செலவில் தேம்ஸ் ஆற்றில் கொட்டி அதை மாசாக்குவதைத் தவிர வேறு பயன்பாடு லண்டன் நகருக்குத் தெரியவில்லை என்று இடித்துரைக்கிறார். வயலிலிருந்து உணவாகவும் நூலாகவும் நகருக்கு வருவது வயலுக்குத் திரும்பிச் செல்வதில்லை. மண்ணுக்கும் மனிதனுக்கும் இடையிலான வளர்சிதை மாற்றத்தில் முதலாளித்துவ நகரம் ஒரு பிளவை உண்டாக்குகிறது என்பது அவர் கருத்து. பெங்களூரு அந்தப் பிளவின் இன்றைய உருவம். தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாகியது. சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாகியது. அருகிலிருந்த நீரைப் புதைத்துவிட்டுத் தொலைவிலிருந்து நீரைத் தூக்கி வருகிறோம். பயன்படுத்திய நீரை அண்டை மாவட்டத்தின் தலையில் ஊற்றுகிறோம்.

காவிரி என்ற சொல்லை உச்சரிக்காமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. இந்த ஊரில் தமிழ் பேசும் எவருக்கும் 1991 டிசம்பரும் 2016 செப்டம்பரும் நினைவிலிருந்து அகலா. அந்த வன்முறைகளில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் கூலித் தொழிலாளிகள். கன்னடத் தொழிலாளிக்கும் அதனால் ஒரு சொட்டு நீர் கூடுதலாகக் கிடைக்கவில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. குறைத்த 14.75-இல் 4.75 டி.எம்.சி. பெங்களூருவின் குடிநீருக்கு என்று ஒதுக்கப்பட்டது. நாள் கணக்கில் அது ஏறத்தாழ 37 கோடி லிட்டர். இத்துடன் மற்றோர் எண்ணை ஒப்பிடுங்கள். பெங்களூருவின் கழிவுநீரை இரண்டாம் நிலை வரை சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்கு அனுப்பும் கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். நீதிமன்றத்தில் பல்லாண்டுகள் வாதாடிப் பெற்றதைவிட அதிகமான நீர், ஒரு பள்ளத்தாக்கின் சாக்கடையிலிருந்தே கிடைக்கிறது! மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு வேண்டும் என்று கோலார் உழவர்கள் கேட்பது முற்றிலும் நியாயமானது. அதைச் செய்யாமல் தள்ளிப்போடுவதை நாம் கண்டிக்க வேண்டும். ஆனால் திட்டத்தின் கருத்து சரியானது. குடிமக்களுக்குக் குடிநீர் வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. அந்த நீரை ஒரே ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் துறப்பதும், பற்றாக்குறை வந்ததும் மேலணைக்காரன், கீழணைக்காரன் என்று மக்களை மோதவிடுவதும்தான் ஏற்கத் தகாதவை.

நம்மிடையே ஒரு கருத்து உலவுகிறது: நாட்டில் எடுக்கப்படும் நிலத்தடி நீரில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு வேளாண்மைக்குப் போகும்போது, வீட்டில் வாளி நீரை மிச்சம் பிடித்து என்ன ஆகப் போகிறது? சமூக அமைப்பை மாற்றாமல் இதெல்லாம் வெறும் சீர்திருத்தம். இப்படிச் சொல்பவரின் முதற்பாதி உண்மை. நாடு தழுவிய நீர்ப் பஞ்சத்தை வீட்டுச் சிக்கனம் தீர்க்காது. ஆனால் டேங்கர் வாங்கும் வீட்டில் ஒரு நாளுக்கு நூறு லிட்டர் மிச்சமானால், மாதத்துக்கு 3,000 லிட்டர். அது ஒரு சிறிய டேங்கரின் பாதி. அந்தப் பணம் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஆகும். இதைச் சீர்திருத்தவாதம் என்று ஒதுக்குபவர் டேங்கருக்குப் பணம் கொடுக்காதவராகத்தான் இருக்க வேண்டும்.

கழுநீர் என்ற சொல்

மொழிபெயர்ப்பாளன் என்பதால் ஒரு சிறு விலகலுக்கு இடம் கொடுங்கள். குளியல், துவையல், பாத்திரம் கழுவிய நீரை அரசு ஆவணங்களில் ‘சாம்பல் நீர்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலச் சொல்லின் நிழல் அது. சாம்பல் நீர் என்றால் சாம்பல் கரைத்த நீர் என்றுதான் நம் மக்களுக்குப் பொருள்படும். அரிசி கழுவிய நீருக்குக் கழுநீர் என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. கழுநீர்த் தொட்டி மாட்டுக்கு உரியது. வீட்டின் புழங்குநீர் சென்று விழும் முற்றத்துக்கு அங்கணம் என்று பெயர். திருக்குறளில் அவையறிதல் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அந்தச் சொல் இருக்கிறது. ஊர்ப்புறத்தில் துவைகல்லின் நீர் வாழைக்குச் சென்றது. வாழை இல்லாத வீட்டில் சேம்பும் கல்வாழையும் நின்றன. யாரும் அதை மறுபயன்பாடு என்று அழைக்கவில்லை. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஊர்க் கிணற்றில் யார் நீர் மொள்ளலாம், யார் கூடாது என்று சாதி வகுத்த காலம் அது. அந்த நீர் மேலாண்மையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்பவர்கள் இந்தப் பாதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது வாழைக்கு நீர் போன வழி மட்டுமே. புழங்குநீர் என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும். நான் அப்படியே எழுதுகிறேன்.

இனிச் செய்முறை. நம்மில் பெரும்பாலோர் வாடகை வீட்டில் இருக்கிறோம். மொட்டை மாடியில் பெயிண்ட் வாளிகளில் கறிவேப்பிலையும் கத்தரியும் வைத்திருப்போர் சிலர். வீட்டைச் சுற்றி நான்கடி மண் உள்ளவர் சிலர். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே முறை இல்லை.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரில் கேடு எதுவும் இல்லை. அன்றன்றே எந்தச் செடிக்கும் ஊற்றலாம். உப்புப் போட்டு வேகவைத்து வடித்த நீரை ஊற்றக் கூடாது. மீனும் இறைச்சியும் கழுவிய நீர் தொட்டிச் செடிக்கு ஆகாது. எறும்பும் நாற்றமும் சேரும். மண் உள்ளவர்கள் வாழைக் குழியில் ஊற்றி மூடிவிடலாம்.

துணி துவைத்த நீரில்தான் கவனம் வேண்டும். சலவைத் தூளில் சோடியம் மிகுதி. சோடியம் களிமண்ணின் துகள்களைப் பிரித்துவிடும். மண் இறுகி, மேலே ஊற்றிய நீர் கீழே இறங்காமல் நிற்கும். அத்துடன் அந்த நீர் காரத்தன்மை கொண்டது. ஆகவே முதலில் வரும் நுரை நீரைச் செடிக்குத் தரவேண்டாம். அதைக் கழிவறைக்கு ஊற்றுங்கள். நல்ல நீர் அந்த அளவுக்கு மிஞ்சும். இரண்டாம், மூன்றாம் அலசல் நீரை மரங்களுக்கும் செடிகளுக்கும் விடலாம். சலவை எந்திரம் வைத்திருப்போர் அதன் வடிகுழாயை ஒரு பீப்பாயில் விட்டால் இதைப் பிரிப்பது எளிது. குழந்தையின் மலத்துணி அலசிய நீரும், பிளீச்சிங் தூள், பினாயில் கலந்த நீரும் எந்தச் செடிக்கும் போகக் கூடாது.

குளித்த நீர் இவற்றைவிட மென்மையானது. தரைத்தள வீட்டில் குளியலறை வடிகுழாயைச் சாக்கடையிலிருந்து திருப்பி ஒரு பாத்திக்கு விடலாம். இரண்டு, மூன்று அடி ஆழக் குழி. அடியில் உடைந்த செங்கல், அதன்மேல் சரளை, அதன்மேல் மணல். ஓரங்களில் கல்வாழையும் சேம்பும். அவற்றின் வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்கின்றன. அதைக் கடந்து வரும் நீர் வாழைக்கும் பப்பாளிக்கும் முருங்கைக்கும் போதும். குடிநீர்க் கிணற்றுக்கோ ஆழ்துளைக் குழாய்க்கோ அருகில் இந்தக் குழியைத் தோண்டக் கூடாது. கழிவறைக் குழாய் எவ்வகையிலும் இதில் சேரக் கூடாது.

புழங்குநீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைக்காதீர்கள். மறுநாளே நாற்றம் எடுக்கும். திறந்த பீப்பாய் என்றால் கொசு முட்டையிடும். டெங்கு நமக்கு நீர்ப் பஞ்சத்தைவிட நெருக்கமான பகை. ஊற்றும்போது மண்ணில் ஊற்றுங்கள். இலைமேல் தெளிக்க வேண்டாம். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி போலப் பச்சையாக உண்பவற்றுக்குக் கழுநீரும் நல்ல நீரும் மட்டுமே. சில வாரங்களில் மண்ணின் மேல் வெண்மையாகப் பூத்தாலோ, இலையோரம் கருகினாலோ உப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். வாரத்தில் இரண்டு நாள் நல்ல நீர் ஊற்றினால் உப்பு கீழே கழுவப்படும்; பாத்திக்குச் சிறிது ஜிப்சம் இடலாம். மழைக்காலம் வந்தால் எஞ்சியதை மழையே பார்த்துக்கொள்ளும்.

ஆர்.ஓ. எந்திரம் வைத்திருப்போர், அது வெளியே தள்ளும் நீரைச் செடிக்கு விடுவதைப் பல வீடுகளில் காண்கிறேன். நல்லெண்ணம்தான், ஆனால் செடிக்குத் தீங்கு. உள்ளே வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் அந்த நீரில்தான் செறிந்திருக்கிறது. அதைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வையுங்கள். ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளும் அந்த எந்திரம், காவிரி நீர் வரும் வீட்டுக்குத் தேவைதானா என்பதையும் எண்ணிப் பாருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் இவற்றைத் தடை செய்ய வேண்டும் என்று 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூறியிருக்கிறது. விளம்பரம் அதைச் சொல்லாது.

யார் சுமப்பது?

நான் சொன்னவை எல்லாம் கேட்க எளிது. நடைமுறையில், அலசல் நீரை மாடிக்குச் சுமப்பது யார்? 15 லிட்டர் வாளி 15 கிலோ எடை. மூன்று வாளியை இரண்டு மாடி ஏற்றினால் ஒரு பெண்ணின் இடுப்பு என்னவாகும்? தையலாலையில் பத்து மணி நேரம் நின்று வந்தவரின் தோளில் இன்னும் ஒரு மணி நேர வேலையை ஏற்றிவைத்து அதற்குச் சூழலியல் என்று பெயரிடுவதை நான் ஏற்கமாட்டேன். நீரை மிச்சப்படுத்துவதற்காக உழைப்பைச் செலவழிக்கிறோம். யாருடைய உழைப்பு என்று பார்க்காத சிக்கனம் பழைய சுரண்டலின் புதிய வடிவம். ஆகவே இதில் ஒரு விதி: வீட்டில் வாளி தூக்குவது ஆண் தோழர்களின் பொறுப்பு. இங்கே சிரிப்பவர்கள் இன்று மாலையே தொடங்கலாம்.

இதே கேள்வியை அடுக்ககங்களிலும் கேட்க வேண்டும். பெரிய குடியிருப்புகளில் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்து, அந்த நீரைக் கழிவறைக்கும் தோட்டத்துக்கும் திருப்புகிறார்கள். நல்லது. ஆனால் அந்தத் தொட்டி அடைத்துக்கொண்டால் உள்ளே இறக்கிவிடப்படுபவர் யார்? மனிதரை மலக்குழியில் இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. அதன் பிறகும் நச்சுக் காற்றில் மூச்சடைத்து இறந்தவர்கள் நம் தலித் தொழிலாளர்கள். எந்திரமும் பயிற்சியும் இல்லாத சுத்திகரிப்பு நிலையத்தை நாம் பசுமை என்று பாராட்ட முடியாது.

கோரிக்கைகளை நீங்கள் அறிவீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். குடிசைப் பகுதி ஒவ்வொன்றுக்கும் குழாய் இணைப்பு, பொதுத்துறையின் வழியாக மட்டும். கட்டுமானத்துக்கும் புல்தரைக்கும் சுத்திகரித்த நீரைத் தவிர வேறெதையும் விடாதபடி தனிக் குழாய். ஏரிகளின் ஆக்கிரமிப்பைப் பேசும்போது ஏழையின் குடிசையில் தொடங்காமல் பெருநிறுவனக் கட்டடங்களில் தொடங்குவது. கோலாருக்கும் தென்பெண்ணைக்கும் போகும் நீருக்கு மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு. கடைசிக் கோரிக்கையை ஓசூர்ப் பகுதித் தோழர்களோடு சேர்ந்து எழுப்ப வேண்டும். கன்னடத்திலும் தமிழிலும் ஒரே துண்டறிக்கை. அதன் தமிழ் வரைவை நான் எழுதித் தருகிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை. அடுத்த ஏழு நாளும் உங்கள் வீட்டில் எத்தனை குடம் நீர் வந்தது, எதற்கு எவ்வளவு போனது, அதற்கு எவ்வளவு பணம் கொடுத்தீர்கள், யார் சுமந்தார்கள் என்று எழுதி வைத்து அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். துண்டறிக்கையில் அரசின் எண்ணோடு நம் எண்ணையும் அச்சிடுவோம். இப்போது கேள்விகள் கேட்கலாம். சோப்புக் கட்டிக்கும் சலவைத் தூளுக்கும் என்ன வேறுபாடு என்று பின்வரிசையில் ஒரு பெண் தோழர் முதலிலேயே சீட்டு அனுப்பியிருக்கிறார், அதிலிருந்து தொடங்குவோம்.